கார் இல்லாதவள் எழுதுவது

தெயுல் மேடு குடியிருப்பு,
சி-7 கட்டிடம், நான்காம் மாடி.
அக்டோபர் 9, வியாழக்கிழமை.

பேராசிரியர் ஹொராசியு பிந்தியா அவர்கள்,
ஆசிரியர், 'வெளியும் வழியும்' காலாண்டிதழ்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன இதழின் தலையங்கத்தில் தங்கள் மூட்டுவலியைக் குறிப்பிட்டிருந்தீர்கள். மழை தொடங்கிய பிறகும் அது அடக்கமாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் என் கணவர் தொரினும் பதினான்கு மாத மகள் சஃப்தாவும் நலம். சஃப்தாவுக்கு ஆறு பற்கள். இந்தக் கடிதத்தில் அந்தப் பற்களுக்குப் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

"டிராமும் தாயும்: ஒரு மேட்டு நகரில் குழந்தைவண்டியோடு பயணம்" என்ற என் கட்டுரையின் திருத்திய படி ஆகஸ்ட் 15-க்குள் தங்களுக்கு வந்திருக்க வேண்டும். இன்றோடு ஐம்பத்தைந்து நாள் தாமதம். "ஆறு நிமிடம் தாமதமாக வரும் டிராம், ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யும் துரோகம்" என்று அந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியவளும் நான்தான். அதைத் தாங்கள் எடுத்துக் காட்டுமுன் நானே எடுத்துக் காட்டுவது மரியாதை. தாமதத்துக்கான விளக்கம் கையால் எழுதிக் கையெழுத்திட்டுத் தபாலில் வர வேண்டும் என்பது தங்கள் இதழின் விதி. அதன்படியே என் மேசையில் அமர்ந்து இதை எழுதுகிறேன். மேசை கொஞ்சம் வட்டமானது. வரிகள் வளைந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

அவசரம் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் 20-ஆம் தேதி திங்கட்கிழமை எங்கள் துறையில் நிரந்தரப் பணிக்கான கமிட்டி கூடுகிறது. என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கட்டுரையை ஏற்றுக்கொண்டோம் என்று தாங்கள் எழுதும் இரண்டு வரி 17-ஆம் தேதிக்குள் என் கைக்கு வந்தால் நான் வேலையில் இருப்பேன். வராவிட்டால் நவம்பர் முதல் தேதியிலிருந்து நான் மானுடப் புவியியலாளர் இல்லை, வெறும் மானுடம்.

ஜூன் மாதம் தாங்கள் அனுப்பிய இரண்டாம் மதிப்பீட்டாளரின் அறிக்கையில் இரண்டே கேள்விகள். ஒன்று: "பேட்டி கண்ட இருநூற்றுப் பன்னிரண்டு தாய்மார்களில் ஒருவர்கூட ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மூன்றாம் பரிந்துரையில், கோடையில் டிராமின் ஜன்னல்களைத் திறந்துவைக்கக் கட்டுரையாளர் சொல்கிறார். எதை வைத்து?" இரண்டு: "கட்டுரை முழுக்க 'காரில்லாத தாய்மார்களாகிய நாங்கள்' என்று வருகிறது. கட்டுரையாளரிடம் கார் உண்டா இல்லையா என்பதை ஒரே வரியில் சொன்னால் நலம்." இரண்டாவதைப் படித்துச் சிரித்தேன் ஐயா. உடனே ஒரு நிமிடத்தில் எழுதினேன்: "கட்டுரையாளரிடம் கார் இல்லை, இருந்ததும் இல்லை." முதல் கேள்விதான் கஷ்டமானது என்று நினைத்தேன். ஒன்பது வருடம் போக்குவரத்தை ஆராய்ந்தவளுக்கு எது எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதும் என்று தெரியவில்லை பாருங்கள்.

அந்த ஒன்பது வருடத்தையும் சொல்ல வேண்டும். முதல் நான்கு வருடம் நெதர்லாந்தில் ஒரு பாலத்தின் முனையில் நின்று சைக்கிள்களை எண்ணினேன். அதற்கு முனைவர் பட்டம் தந்தார்கள். பிறகு சூழலைக் கெடுக்காத பயணம் பற்றிய மாநாடுகளுக்காக ஒன்பது விமானம் ஏறினேன். லிஸ்பனில் நடந்த ஒன்றில், நடந்து செல்வதன் மேன்மை குறித்து மூன்று நாள் பேசிவிட்டு விமான நிலையத்துக்கு நாற்பது பேரும் நாற்பது டாக்சியில் போனோம். ஊருக்குத் திரும்பிய பிறகு, மக்கள் ஏன் டிராமில் ஏறுவதில்லை என்று ஆராய்கிறேன் என்று என் மாமனார் கோஸ்தாகேயிடம் சொன்னபோது, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்? என்னைக் கேட்டிருந்தா சூப் ஆறுறதுக்குள்ள சொல்லியிருப்பேனே" என்றார். அவர் முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர். அந்த முப்பத்தோரு வருடமும் டிராம் டெப்போவுக்குத் தன் சொந்தக் காரில் போய் வந்தவர்.

சரி, ஜன்னல். மதிப்பீட்டாளர் ஆதாரம் கேட்கிறார், நேரில் சோதித்துக் காட்டிவிடுவோம் என்று ஜூலை ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, அப்போது பதினொரு மாதமாயிருந்த சஃப்தாவைத் தூக்கிக்கொண்டு டிராமில் ஏறினேன். வெளியே முப்பத்தாறு டிகிரி. உள்ளே எவ்வளவு என்று சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள். நாற்பது பேர் இருந்தார்கள். எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. வலப்பக்க ஜன்னலைப் பிடித்து இழுத்தேன். இறுகியிருந்தது. இடுக்கில் நாலாக மடித்துச் செருகிய பழைய டிக்கெட் ஒன்று. அதை உருவினேன், ஜன்னல் திறந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் நேர் எதிரே இடப்பக்க ஜன்னலையும் திறந்தேன். ஐயா, தாங்களும் இந்த நாட்டில் பிறந்தவர். ஒரு ஜன்னல் திறந்தால் அது காற்று; எதிரெதிராக இரண்டு திறந்தால் அது குறுக்குக் காற்று, கொலை முயற்சிக்குச் சமம் என்று தங்களுக்கும் சின்ன வயதில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். நாலு வருட நெதர்லாந்து வாசத்தில் அதெல்லாம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

"யாரது? யாரு ரெண்டு பக்கமும் தொறந்தது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வலைப்பையில் தக்காளி வைத்திருந்த ஓர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? பச்சப்புள்ளைய குறுக்குக் காத்துல வச்சிருக்க!"

"வெக்கையா இருக்கேம்மா. கொழந்தைக்கு மூச்சு முட்டுது."

"வெக்கையில யாரு செத்தா? காத்துல செத்தவங்களை நான் பேரோட சொல்லுவேன்."

என் முன்னால் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷம் இதே மாதிரி ஒரு ஜன்னல். மூணு வாரம் கழுத்து இடப்பக்கம் திரும்பல. என் வீட்டுக்காரி அந்தப் பக்கந்தான் உக்காருவா. அவ மூஞ்சியே பாக்க முடியல."

"அந்த மூணு வாரந்தான்யா உன் மூஞ்சி தெளிவா இருந்துச்சு" என்றார் அவருடைய கூட்டாளி.

அதற்குள் அந்த அம்மா தன் கம்பளிச் சால்வையால் சஃப்தாவைக் காதோடு சுற்றிவிட்டார். முப்பத்தாறு டிகிரியில், ஐயா. டிராம் நின்றது. ஓட்டுநர் எழுந்து வந்தார்.

"இங்க என்ன நடக்குது?"

"நான் ஆராய்ச்சி பண்றேங்க."

"எதை?"

"ஜன்னலைத் தொறந்தா எவ்வளவு நேரம் தொறந்திருக்கும்னு."

"தெரிஞ்சுதா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "ஒரு நிமிஷம் அம்பது செகண்டு."

"அப்ப ஆராய்ச்சி முடிஞ்சுது. எறங்குறீங்களா, மூடுறீங்களா?"

மூடினேன். அந்த ஓட்டுநர் என் மாமனாரிடம் தொழில் பழகியவர் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் டிராமின் சராசரி வேகம் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் என்று என் கட்டுரையில் அட்டவணை போட்டிருக்கிறேன். வதந்தியின் வேகத்துக்கும் ஒரு பத்தி சேர்த்திருக்கலாம். நான் படியேறி வீட்டுக்கு வந்தபோது என் மாமனார் வினிகர் பாட்டிலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

(மன்னிக்கவும், இப்போது ஒரு ஹாரன் சத்தம். கீழே யாரோ. காரணமே இல்லாமல் ஹாரன் அடிப்பவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

மறுநாள் மாலை சஃப்தாவுக்குக் காய்ச்சல். முப்பத்தெட்டரை டிகிரி. காதைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். தங்களிடம் ஒளிப்பானேன், படித்தவள், ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவள், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை சூடு பார்த்து வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு திதீனா அம்மா உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கிக் கொண்டுவந்து நெற்றியில் வைத்தார். மாமனார் குழந்தையின் காலுறையை வினிகரில் நனைத்துப் போட்டுவிட்டார். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடி வாசனை. மருத்துவர் வந்து வாயைத் திறந்து பார்த்து, "பல்லு வருது. வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சரி, பல்லு. அது எதுக்கு இன்னிக்கு வந்துச்சு?" என்றார் மாமனார். "நேத்து ஏன் வரல? நாளைக்கு ஏன் வரல?"

"மாமா, பல்லு என்னிக்காவது வந்துதானே ஆகணும்?"

"வரட்டும். காத்து இல்லாம வரட்டும்."

நான் தொரினைப் பார்த்தேன். என் கணவர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். மேலேயும் போவார், கீழேயும் போவார். "அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம்..." என்றார். "தொரின்!" என்றேன். "நீ சொல்றதுலயும் ஒரு நியாயம்..." என்றார்.

அதன் பிறகு கட்டுரையைத் திருத்த நான் உட்கார்ந்தபோதெல்லாம் ஒரு பல் வந்தது. இதைப் புள்ளிவிவரமாக நிரூபிக்க எனக்குப் பொறுமையில்லை, ஆனால் ஆகஸ்ட் 15-க்கு முந்தைய இரவு வந்தது நான்காவது என்பது மட்டும் உறுதி.

செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்த திருநாள். காலை பத்து மணிக்குக் கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தால் மாமனாரின் நீலக் கார். பதினான்கு வருடம் உறை போட்டுக் காத்த கார், மழை நாளில் வெளியே எடுக்காத கார். கண்ணாடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தார். பக்கத்தில் பாதிரியார், அவர் கையில் துளசிக்கொத்து, வாளியில் மந்திரித்த தண்ணீர். சுற்றிலும் சி-7 கட்டிடம் முழுவதும்.

"இனிமே இது உன்னோடது" என்று சாவியை என் உள்ளங்கையில் அழுத்தினார். "எம் பேத்தி டிராம்ல போக மாட்டா."

"மாமா, அப்ப நீங்க?"

"நான் கெழவன். எனக்கென்ன, டிராம்ல போறேன்."

நான் ஒன்பது வருடம் எழுதியும் டிராமுக்கு ஓர் ஆளைச் சேர்க்க முடியவில்லை. சேர்ந்த முதல் ஆள் இவர்தான், அதுவும் என்னை இறக்கிவிட்டுவிட்டு.

பாதிரியார் காரின் நாலு கதவையும் முன்மூடியையும் திறக்கச் சொன்னார். மாமனார் பதறிவிட்டார். "சாமி, கொழந்தை உள்ள உக்காந்திருக்கு. ஒரு பக்கம் மட்டும் தொறப்போம்."

"ஆசீர்வாதம் எல்லாப் பக்கமும் போகணும்ல கோஸ்தாகே?"

"பக்கம் பக்கமா பண்ணுங்க சாமி. அதுக்கு அவசரமில்ல, காத்துக்குத்தான் அவசரம்."

அப்படியே நடந்தது. வலப்பக்கம் திறந்து ஜெபம், மூடி, இடப்பக்கம் திறந்து மறுபடி அதே ஜெபம். துளசிக்கொத்தால் எனக்கும் தலையில் ஒன்று விழுந்தது. அந்த நொடியில் திதீனா அம்மா கைபேசியில் படம் எடுத்தார். படம் தெளிவாக வந்திருக்கிறது: ஓட்டுநர் இருக்கையில் நான், தலையில் சொட்டும் தண்ணீர், பின்னால் டிராம் நிறுத்தத்தின் சுவரில் "செப்டம்பர் 22, காரில்லா நாள்! உரை: முனைவர் ஸ்மராந்தா உங்குரேயானு" என்ற சுவரொட்டியில் இன்னொரு நான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். குடியிருப்பின் முகநூல் பக்கத்தில் அதற்கு விழுந்த விருப்பங்கள், என் எல்லாக் கட்டுரைகளையும் படித்தவர்களின் எண்ணிக்கையைவிட அதிகம்.

மறுநாள் துறைத்தலைவி கூப்பிட்டனுப்பினார். "படம் நல்லா இருக்கு ஸ்மராந்தா. கமிட்டியில இதைத்தான் மொதல்ல கேப்பாங்க. கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க, அதுல 'கார் இல்லை'ன்னு ஒரு வரி அச்சுல இருக்குன்னா நான் சமாளிச்சுக்குவேன். அந்த வரி இல்லேன்னா என்னால முடியாது." ஜூன் மாதம் நான் சிரித்த வரி, ஐயா. அந்த வரியில்தான் இப்போது என் வேலை தொங்குகிறது.

காரைத் தொட மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தேன். பதின்மூன்று நாள் தொடவும் இல்லை. பதினான்காவது நாள்தான் காரில்லா நாள். ஒன்பது மணிக்கு நடுவீதியில் என் உரை. எட்டு இருபதுக்கு மாமனார் தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மாடி, நான் ஸ்டாப்புல நிக்கிறேன். டிராம் கெடையாதாம். தாள் ஒட்டியிருக்கான், படிக்கட்டுமா? 'காரில்லா நாளை முன்னிட்டு இன்று டிராம்கள் ஓடாது.'" வீதியை மூடினால் அதன் நடுவே ஓடும் டிராமும் நிற்கும் என்று ஏற்பாடு செய்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆலோசனைக் குழுவில் நானும் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. மழை வேறு. தொரின் எங்கோ எட்டாம் மாடியில் சிக்கிய மின்தூக்கியில். சஃப்தாவைக் குழந்தை இருக்கையில் கட்டினேன். சாவியைத் திருப்பினேன். பதினெட்டு வயதில் வாங்கிய உரிமம் அன்றைக்குத்தான் முதன்முதலில் வேலைக்கு வந்தது.

தடுப்பருகில் காவலர் கையைக் காட்டினார். "இன்னிக்கு இந்தப் பக்கம் கார் விடுறதில்லைம்மா."

"தெரியும் சார். நான்தான் பேச வேண்டியவ."

"யாரு பேசினாலும் விடுறதில்ல. அதோ போஸ்டரைப் பாருங்க."

"அந்தப் போஸ்டர்ல இருக்கிறது நான்தான் சார்."

அவர் சுவரொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரொட்டியைப் பார்த்தார். "ஏம்மா, அப்ப நீங்களே இப்படிச் செய்யலாமா?"

நிறுத்த இடம் கிடைக்கவில்லை. நடைபாதையில் ஏற்றி நிறுத்தினேன். தாய்மார்கள் டிராமுக்கு வராததற்கு இரண்டாம் காரணம் நடைபாதையில் நிறுத்தும் கார்கள் என்று என் கட்டுரையில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். குடையோடு இறங்கும்போது, ஒரு பெண் குழந்தைவண்டியைச் சாலையில் இறக்கி என் காரைச் சுற்றிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்து நின்றாள். பேட்டிப் பட்டியலில் எண்பத்தெட்டாம் எண். "நடைபாதையில கார் நிறுத்துறவங்களைக் கட்டி வச்சு அடிக்கணும்" என்று சொன்னவள். நான் அதை ஆய்வு மொழியில் "கடுமையான அதிருப்தி" என்று மாற்றிப் போட்டிருந்தேன்.

(இப்போது திதீனா அம்மா ஜன்னலைத் தட்டி, "குளிருதா? ஏதாவது வேணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். நல்ல மனுஷி.)

அன்று மாலையே சாவியைத் திருப்பிக் கொடுக்க மாமனார் வீட்டுக்குப் போனேன். காரில்தான் போனேன், காரைத் திருப்பிக் கொடுக்க வேறெப்படிப் போவது. அவர் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் நனைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சாவியை வாங்கி மேசையில் வைத்தார்.

"அந்த டிராம் படி எவ்வளவு உசரம்னு அளந்தியா நீ?" என்றார்.

"நாப்பத்திரண்டு சென்டிமீட்டர் மாமா. கட்டுரையில இருக்கு."

"கட்டுரையில இருக்கு. எனக்கு முட்டியில இருக்கு." வெந்நீரை அள்ளி முட்டியில் ஊற்றிக்கொண்டார். "முப்பத்தோரு வருஷம் முன்னால உக்காந்து மணியடிச்சேன்மா. கொழந்தைவண்டியைத் தூக்கிக்கிட்டுப் பொம்பளைங்க ஏறுவாங்க. 'சீக்கிரம், சீக்கிரம்'னு கத்துவேன். பின்னால என்ன நடக்குதுன்னு ரெண்டு வாரமாத்தான் தெரியுது."

பேச்சை மாற்ற, ஜன்னல் இடுக்கில் இருந்த மடித்த டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். "அது நான் வச்சது. எல்லா வண்டியிலயும் நாங்கதான் வச்சோம். ஓட்டுறவங்க அத்தனை பேரும். கொழந்தையோட ஒரு அம்மா ஏறினா மொதல்ல ஜன்னலைத்தான் பாப்பா. தொறந்திருந்தா அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிடுவா. நீ அவங்ககிட்ட காத்தைப் பத்திக் கேட்டியா?"

"இல்ல."

"ஏன் கேக்கல?"

"அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மாமா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. ஐயா, நாற்பத்தேழு கேள்விகள் கொண்ட படிவம் அது. படி உயரம், கால இடைவெளி, நிழற்குடை, பயம், பணம், எல்லாம் கேட்டேன். காற்றைக் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. வீட்டில் சுவர் இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா? மறுநாளிலிருந்து பட்டியலில் அறுபது பேரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஐம்பத்தேழு பேர் ஒரே மாதிரி: "ஆமா, காத்துக்குப் பயந்துதான் ஏறுறதில்ல. அதைப் போயி ஒரு கேள்வின்னு கேப்பாங்களா?" எண்பத்தெட்டாம் எண் மட்டும் முதலில் என் காரைப் பற்றிப் பேசினாள், பிறகு காற்றைப் பற்றி.

மாற்று வழியைச் சொன்னதும் மாமனார்தான். "ஒரு பக்கம் தொறந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது பக்கந்தான் ஆபத்து. ஒரு பக்கத்தை ஆணியடிச்சு மூடிட்டு, 'இந்தப் பக்கம் தொறக்காது'ன்னு பெரிசா எழுதிப் போடு. அப்புறம் பாரு." ஆணி அடிக்கவில்லை, ஒட்டுநாடா ஒட்டினோம். செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வெயில் நன்றாக இருந்தது. மாமனார் தன் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து, இடப்பக்க ஜன்னல்கள் எல்லாம் மூடி ஒட்டப்பட்டிருப்பதை நாலு பேருக்குத் தட்டிக் காட்டினார். பிறகு நான் வலப்பக்கம் திறந்தேன். ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம். பதினொரு நிறுத்தம் வரை ஜன்னல் திறந்தேயிருந்தது. அதே வலைப்பை அம்மா, இம்முறை குடைமிளகாய். "இப்படித் தொறந்தா யாரு வேணாம்னா?" என்றார். "அன்னிக்கே ஒழுங்கா தொறந்திருந்தா என் சால்வை என்கிட்டேயே இருந்திருக்கும்." சால்வையைத் துவைத்து எடுத்துப் போயிருந்தேன். கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "வினிகரா? நல்லது" என்றார்.

ஆகவே ஐயா, இரண்டாம் மதிப்பீட்டாளரின் முதல் கேள்விக்குப் பதில் நான்காம் அட்டவணையில் புதிதாக இருக்கிறது. மூன்றாம் பரிந்துரை இப்படி மாறியிருக்கிறது: "ஒரு பக்க ஜன்னல்களை நிரந்தரமாக மூடுக; மறுபக்கத்தைத் திறந்துவிடுக." செலவு, ஒட்டுநாடா. நன்றியுரையில் திரு. கோஸ்தாகே உங்குரேயானுவின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். தன் பெயருக்கு முன்னால் "டாக்டர்" போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இரண்டாம் கேள்விக்குப் பதிலும் அப்படியே இருக்கிறது: "கட்டுரையாளரிடம் கார் இல்லை." சாவி திருப்பிக் கொடுத்தாயிற்று, வண்டிப் பதிவும் மாமனார் பெயரில்தான். "இருந்ததும் இல்லை" என்பதை மட்டும் நாணயம் கருதி எடுத்துவிட்டேன். தாங்கள் பெரிய மனதோடு தாமதத்தை மன்னித்து 17-ஆம் தேதிக்குள் இரண்டு வரி எழுதியருள வேண்டும்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். தங்கள் மூட்டுகளுக்கு நல்ல வெயிலும், இதழுக்கு நல்ல சந்தாதாரர்களும், இரண்டாம் மதிப்பீட்டாளர் யாராயிருந்தாலும் அவருக்கு நீண்ட ஆயுளும் வாய்க்கட்டும்.

பணிவுடன்,
ஸ்மராந்தா உங்குரேயானு

இணைப்பு: திருத்திய கட்டுரை, மூன்று படி. ஒரு மடித்த டிக்கெட், ஆதாரத்துக்காக.

பி.கு.: உறையை ஒட்ட மனம் வரவில்லை. நான்காம் மாடி ஜன்னலை திதீனா அம்மா வெளியிலிருந்து எப்படித் தட்டினார் என்று தாங்கள் யோசித்திருப்பீர்கள். நான் நான்காம் மாடியில் இல்லை. சி-7 கட்டிடத்துக்கு முன்னால், மாமனார் உடைந்த நாற்காலி போட்டுப் பிடித்துவைத்த இடத்தில், காருக்குள் இருக்கிறேன். வட்டமான மேசை என்றது ஸ்டீயரிங். ஹாரன் அடித்தது என் முழங்கை. சாவியைத் திருப்பிக் கொடுத்தது சத்தியம். மறுநாள் ஆறாவது பல் வந்தது. மூன்று மணி நேரம் ஓயாத அழுகை. தொரின் எனக்குத் தெரியாமல் அப்பாவைக் கூப்பிட்டார். அவர் காரை ஓட்டிவந்து சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசி டிராம் பிடித்துத் திரும்பிப் போனார். சஃப்தா இந்தக் காரில் மட்டும்தான் தூங்குகிறாள். கார்கள் மலிந்த நகரைக் கண்டிக்கும் என் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இங்கேதான் திருத்தினேன், "கார் இல்லை" என்ற வரி உட்பட. அச்சில் பொய் வந்து அதனால் கிடைக்கும் வேலை எனக்கு வேண்டாம். அந்த வரியை அடித்துவிட்டு இப்படிப் போடவும்: "கட்டுரையாளர் காரில் எங்கும் போவதில்லை, காரில் உட்கார்ந்திருக்கிறார்." கமிட்டி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். வலப்பக்க ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. இடப்பக்கம் மூடி, டிக்கெட் மடித்து வைத்திருக்கிறேன்.

மறு பி.கு.: சஃப்தா விழித்துக்கொண்டாள். இஞ்சின் ஓடினால்தான் மறுபடி தூங்குவாள். "எங்கும் போவதில்லை" என்பதையும் அடித்துவிடவும். ஒரே ஒரு சுற்றுதான். தபால் பெட்டி வழியில் இருக்கிறது.